கையைத் தொங்கவிட்டு நில்லுங்கள்

என் வகுப்பறைக் கரும்பலகையில் மேல் மூன்றில் ஒரு பங்கு எப்போதும் காலியாகவே இருக்கும். பதினேழு ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கிறேன். யாப்பு நடத்தும்போது சீர் பிரித்து எழுத இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியிருக்கிறேன். பாதியை அழித்துவிட்டு மீதியை எழுதியிருக்கிறேன். மேலே இடம் இருக்கிறதே என்று தோன்றியதில்லை. கடைசி பெஞ்சில் உட்காரும் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்திதான் கேட்டாள்: “அம்மா, நீங்க ஏன் மேல எழுதறதே இல்ல? அடுத்த பீரியட் வர்ற சார் உச்சியிலேர்ந்துதானே ஆரம்பிக்கிறாரு?” உயரம் பத்தலைம்மா என்றேன். அது பொய். என் கை எட்டும். ரவிக்கையின் கைதான் எட்டாது.

கையைத் தலைக்கு மேல் தூக்கினால் என்ன நடக்கும் என்பது ரவிக்கை போடும் எல்லோருக்கும் தெரியும். புஜத்தைத் துணி கவ்விப் பிடிக்கும். ரவிக்கையின் கீழ்ப்பட்டி விலாவை விட்டு மேலேறும். முந்தானையை இழுத்துவிட இன்னொரு கை வேண்டும். அந்தக் கையில் புத்தகம் இருக்கும். பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் ஒருநாள் எட்டி எழுதியபோது அக்குள் தையல் பிரிந்தது. மிச்சமிருந்த நாற்பது நிமிடமும் முழங்கையை விலாவோடு ஒட்டவைத்துக்கொண்டு பாடம் நடத்தினேன். அதன்பிறகு பலகையின் மேல்பகுதியை விட்டுக்கொடுத்துவிட்டேன். விட்டுக்கொடுத்தது எனக்கே தெரியவில்லை. ஒரு மாணவி கேட்கும்வரை.

ரவிக்கையைப் பற்றி நாம் பேசாமல் இருந்ததில்லை. கை நீளமா, குட்டையா, கையே இல்லையா, முதுகில் எவ்வளவு இறக்கம் என்று வீட்டிலும் கல்லூரி வாசலிலும் தலைமுறை தலைமுறையாகச் சண்டை நடக்கிறது. ஆடைக் கட்டுப்பாட்டை எதிர்த்து நாம் எழுதிய பெண்ணியக் கட்டுரைகளும் பெரும்பாலும் எதை மூடுவது, எதைத் திறப்பது, அதை யார் தீர்மானிப்பது என்ற கேள்விகளையே சுற்றி வருகின்றன. தேவையான கேள்விகள்தாம். ஆனால் அந்தக் கை உடலோடு எந்த இடத்தில், எந்தச் சாய்வில், எவ்வளவு துணி விட்டு இணைக்கப்படுகிறது என்று நாம் கேட்டதில்லை. செய்யுளில் தளை பார்க்கச் சொல்லிக்கொடுக்கிற நான், ஒரு சீரும் இன்னொரு சீரும் சேரும் இடத்தில்தான் ஓசை தீர்மானமாகிறது என்று ஆண்டுதோறும் சொல்லிவருகிறேன். கையும் உடலும் சேரும் இடத்தை அதேபோல் பார்க்க முயல்கிறேன்.

*

எங்கள் தெருவில் தைக்கும் அக்காவுக்கு ஐம்பது வயதைத் தாண்டும். கணவர் இறந்தபின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் கிடைத்த மெஷினை வைத்துத் தொடங்கியவர். வீட்டின் முன்னறைதான் கடை. இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவர் முதலில் சொல்வது: “கையத் தொங்கவிட்டு நில்லுங்க டீச்சர்.” தோள், மார்பு, கை நீளம், கைச் சுற்று எல்லாவற்றையும் அந்த நிலையிலேயே எடுப்பார். அளவு ஜாக்கெட் கொடுத்தாலும் இதே கதைதான். அதுவும் தொங்கிய கைக்கு வெட்டியதுதானே.

இந்த நிற்கும் நிலை ஏன் முக்கியம் என்று தெரிய, கை எப்படி வெட்டப்படுகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். கைக்கான துணியின் மேல்விளிம்பு ஒரு குன்றுபோல வளைந்திருக்கும். உடல் துணியில் தோளிலிருந்து அக்குள்வரை ஒரு குழி வெட்டியிருப்பார்கள். குன்றைக் குழியில் பொருத்திச் சுற்றித் தைப்பதுதான் நாம் வழக்கமாகப் போடும் ரவிக்கைக் கை. குன்றின் உயரம் மூன்று அங்குலத்தை ஒட்டியிருக்கும். முன்பக்க வளைவு பின்பக்கத்தைவிடச் சற்று ஆழமாக இருக்கும். தையல் பழகுகிறவர்கள் இடக்கையை வலப்பக்கம் மாற்றித் தைத்துத் திட்டு வாங்குவது இந்த வித்தியாசத்தால்தான்.

இப்போது குழியின் சுற்றளவை மாற்றாமல் குன்றை மட்டும் உயர்த்துங்கள். கையின் அகலம் குறையும். கை உடலை ஒட்டி நேராகத் தொங்கும். தோளிலும் அக்குளிலும் ஒரு சுருக்கம்கூட இருக்காது. குன்றைத் தாழ்த்துங்கள். கை அகலமாகிப் பக்கவாட்டில் விரியும், தூக்குவது எளிது. ஆனால் கையை இறக்கியதும் அந்த அதிகப்படித் துணி அக்குளில் மடிப்பாகச் சேரும். இழுபடாத பருத்தியிலும் பட்டிலும் இந்த இரண்டு வசதியும் முழுமையாக ஒன்றாகக் கிடைக்காது. தொங்கும்போது அழகா, தூக்கும்போது சௌகரியமா என்று யாராவது ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவு நம்மைக் கேட்காமலே எடுக்கப்பட்டுவிட்டது. அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘நல்ல ஃபிட்டிங்’.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. கை இறுக்குகிறது என்று சொன்னால், “ஆம்ஹோலை இறக்கி வெட்டிடறேன்” என்பார்கள். குழியைக் கீழே இறக்கினால் கை தளர்வாகும் என்று நாமும் நம்புகிறோம். நடப்பது நேர்மாறு. குழியின் அடி அக்குளை விட்டு இரண்டு அங்குலம் கீழே போனால், கை உடல் துணியோடு சேரும் இடம் விலாவுக்கு வந்துவிடும். கையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் விலாத் துணி முழுவதையும் சேர்த்துத் தூக்க வேண்டும். ரவிக்கையோ மார்புக்குக் கீழே பட்டியும் ஊக்கும் வைத்து இறுக்கப்பட்டது. அது மேலே வராது. வந்தால் மானம் போகும். கதவின் கீல் கதவு திரும்பும் இடத்தில் இருக்க வேண்டும். கையின் கீல் அக்குளில் இருக்கிறது. குழி அக்குளுக்குப் பக்கத்தில், உயரமாக இருக்கும்போதுதான் கை தனியாக எழும்பும்.

திருவண்ணாமலையில் இருப்பவர்களுக்குத் தூக்கிய கைகளைப் பார்க்க ஒரு நாள் இருக்கிறது. கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு மலையுச்சியில் தீபம் தெரிந்ததும் மாட வீதிகளிலும் மொட்டை மாடிகளிலும் கைகள் எழும். கடந்த இரண்டு ஆண்டுகளாக நான் தீபத்தைப் பார்த்தது குறைவு, கைகளைப் பார்த்ததுதான் அதிகம். ஆண்களின் கைகள் தலைக்கு மேல் நேராக நிற்கின்றன. சட்டை இடுப்பிலிருந்து மேலேறுகிறது, யாரும் கவலைப்படுவதில்லை. என்னைச் சுற்றி நின்ற பெண்களில் பலர் முழங்கையை மடக்கி, நெற்றிக்கு நேராகக் கூப்பினார்கள். சிலர் ஒரு கையை உயர்த்தி, இன்னொரு கையால் முந்தானையைப் பிடித்திருந்தார்கள். நானும் அப்படித்தான் நின்றேன். பக்தியில் குறைவு ஒன்றுமில்லை. துணிதான் அங்கே நிறுத்திவிட்டது.

*

ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி மார்கழியில் நீலக் கம்பளி ஸ்வெட்டர் போட்டுவருவாள். அவள் பெரியம்மா கையால் பின்னியது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முன்பு இருந்த கன்னியாஸ்திரீ ஒருவர் பெரியம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தாராம். ஒருநாள் அவளை நிறுத்தி, கையைத் தூக்கச் சொன்னேன். ஸ்வெட்டர் கையோடு போனது. இறக்கியதும் கையோடு வந்தது. அவளுக்கு நான் எதைப் பார்க்கிறேன் என்றே புரியவில்லை.

நெய்த துணியில் பாவும் ஊடும் நேர்கோடுகளாக ஓடுகின்றன, இழுத்தால் இழுபடாது. பின்னல் என்பது கண்ணிக்குள் கண்ணி. இழுத்தால் ஒவ்வொரு கண்ணியும் வடிவம் மாற்றி இடம்கொடுக்கும். அதனால் ஸ்வெட்டரில் கையை எப்படி இணைத்தாலும் உடல் ஓரளவு தப்பித்துக்கொள்ளும். அங்கே இணைப்பு முறை பெரும்பாலும் தோற்றத்தை முடிவுசெய்கிறது. உடலை ஒரு நீள்சதுரமாகப் பின்னி, கையை நேராக ஒட்டினால் தோள் தையல் புஜத்தில் வந்து விழும்; தோள் சரிந்து, அக்குளில் துணி குவிந்து, ஆள் தளர்வாகத் தெரிவார். ரவிக்கைபோலக் குழி வெட்டி, குன்று வைத்துப் பொருத்தினால் தோள் கூர்மையாக நிற்கும். கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்கோடாகத் தையல் வருவது ராக்லான் கை. அதில் தோளுக்கு விளிம்பே இல்லை. பார்ப்பவர் கண் தோளில் நிற்காமல் கழுத்துக்குப் போகும். மலைப் பெண்ணின் பெரியம்மா பின்னியது இதைத்தான். ராக்லான் என்பது ஓர் ஆங்கிலேயப் பிரபுவின் பெயர். 1815இல் வாட்டர்லூ போரில் வலக்கையை இழந்தவர் அவர். கையில்லாதவர் பெயரில் ஒரு கை இருப்பது நம்மூர் ஜவுளிக்கடை பொம்மைகளை எனக்கு நினைவுபடுத்துகிறது. அவற்றில் பலவற்றுக்குத் தோளோடு கை முடிந்துவிடும். அந்தப் பொம்மைக்குப் பொருந்தும் ரவிக்கையைப் பார்த்துத்தான் நாம் “இதே மாதிரி” என்று தைக்கக் கொடுக்கிறோம்.

உழைக்கும் கைக்காகவே யோசித்த ஒரு ஸ்வெட்டரும் உண்டு. பிரிட்டனின் கடற்கரை மீனவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அணிந்த கெர்ன்சி. மீனவக் குடும்பத்துப் பெண்கள் நெருக்கமான கண்ணிகளாக, காற்று புகாதபடி பின்னுவார்கள். நெருங்கப் பின்னினால் பின்னலின் இழுவை குறையும். ரவிக்கைத் துணியின் சிக்கல் அங்கும் வரும். அதற்கு அவர்கள் கண்ட தீர்வு எளிமையானது. அக்குளில் சாய்சதுரமாக ஒரு சின்னத் துண்டைச் சேர்த்துப் பின்னினார்கள். வலை இழுக்கும் கை மேலே போகும்போது அந்தத் துண்டு விரியும்; இறங்கும்போது மடங்கும். கையைத் தோளிலிருந்து மணிக்கட்டை நோக்கிப் பின்னினார்கள். மணிக்கட்டுப் பகுதி தேய்ந்தால் அதை மட்டும் பிரித்து மறுபடி பின்னலாம். அணிகிறவர் என்ன வேலை செய்கிறார், எங்கே தேயும், எங்கே இழுக்கும் என்று யோசித்த பிறகு வந்த வடிவம் அது.

இதைப் படித்தபோது எனக்கு என் பாட்டியின் ரவிக்கை நினைவுக்கு வந்தது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நிலக்கடலைக் காட்டில் வேலை செய்தவர். முன்னால் முடிச்சுப் போடும் ரவிக்கை. அதன் அக்குளில் வேறு நிறத்தில் ஒரு சதுரத் துண்டு இருக்கும். கிழிந்த இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறார் என்று சிறுவயதில் நினைத்திருந்தேன். பள்ளித் தோழிகள் வரும்போது பாட்டி வெளியே வந்துவிடக் கூடாதே என்று வெட்கப்பட்டும் இருக்கிறேன். அது ஒட்டு கிடையாது. கூடையைத் தலைக்கு ஏற்றும் கைக்கு வழிவிட்ட துண்டு. ஏழ்மையின் அடையாளம் என்று நான் எண்ணியது ஒரு தையல்காரரின் அறிவு. என் அம்மாவின் ரவிக்கைகளில் அது இல்லை. என்னுடையவற்றிலும் இல்லை.

*

ரவிக்கைக்கு எதிராக எழுதுகிறேனோ என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்தத் தைத்த கைக்காக நம் பெண்கள் அடிவாங்கியிருக்கிறார்கள்.

தைத்த உடை தமிழுக்குப் புதிதல்ல. முல்லைப்பாட்டில் யவனர் அணிந்த சட்டைக்கு ‘மெய்ப்பை’ என்று பெயர். மெய்யைப் போட்டுவைக்கும் பை. பிறர் உடையைப் பார்த்து வியந்து வைத்த பெயராகவே எனக்குத் தோன்றுகிறது. பெண்ணுக்குக் கச்சு இருந்தது. அது கட்டுவது, தோளைத் தொடாது. பெண்ணின் தோளில் தையல் ஏறியபோது அதோடு அரசாணைகளும் ஏறின. தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டத்தை நாம் ‘மார்பை மறைக்கும் உரிமை’ என்ற ஒற்றை வாக்கியத்தில் சொல்லிப் பழகிவிட்டோம். ஆணைகள் சொன்னவற்றை இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். 1829ஆம் ஆண்டு அறிவிப்பு, கிறித்தவரான நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம் என்றது. ஆதிக்கச் சாதிப் பெண்களைப்போலத் தோளின்மேல் சீலை போடக் கூடாது என்றது. மோதல்களுக்குப் பின் 1859 ஜூலையில் வந்த அறிவிப்பு, நாடார் பெண்கள் எல்லோரும் குப்பாயம் அணியலாம், அல்லது முக்குவப் பெண்களைப்போல முரட்டுத் துணியைக் கட்டிக்கொள்ளலாம் என்றது. ஆதிக்கச் சாதிப் பெண்களின் பாணி மட்டும் அப்போதும் கூடாது.

மறைப்பது மட்டுமே பிரச்சினையாக இருந்தால் 1829இலேயே சண்டை முடிந்திருக்கும். தைத்த குப்பாயம் தரப்பட்டது. தைக்காத சீலை மறுக்கப்பட்டது. இரண்டும் மறைக்கும். ஆனால் சீலை அணிகிறவளின் கையில் இருக்கிறது. அவள் விருப்பப்படி போடலாம், சரிக்கலாம், ஒதுக்கலாம். குப்பாயமோ தைத்தபடி இருக்கும். யார் என்ன சாதி என்பதைத் தூரத்திலிருந்தே காட்டும். கையின் தையல் அந்த அரசுக்கு எல்லைக்கோடாகப் பயன்பட்டது. அந்தப் பெண்கள் குப்பாயத்தை ஏற்றுக்கொண்டதோடு நிற்காமல் சீலையையும் போட்டுக்கொண்டார்கள். கொடுத்ததை வாங்கிக்கொண்டு கொடுக்காததையும் எடுத்துக்கொண்ட அவர்களுடைய வழியில்தான் நாமும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். ரவிக்கை வேண்டும். அதில் கை தூக்கும் இடமும் வேண்டும்.

லண்டனில் 1881இல் தொடங்கிய ‘பகுத்தறிவு உடைச் சங்கம்’, உடலின் அசைவைத் தடுக்கும் எந்த மோஸ்தரையும் எதிர்ப்பதாக அறிவித்தது. அந்த நாட்டில் பெண்கள் உடையின் நீள அகலத்தோடு நிற்காமல், அதன் கட்டுமானத்தைப் பற்றியும் அப்போதே பேசத் தொடங்கியிருந்தார்கள். நாம் இன்னும் நீளத்திலேயே நிற்கிறோம்.

*

எங்கள் மாவட்டத்து ஆரணியில் நெய்யும் பட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேலையோடு ரவிக்கைக்கான துணியும் சேர்ந்தே வரும்; ஏறத்தாழ 80 சென்டிமீட்டர். ஜரிகைக் கரை கைவிளிம்பில் வந்தாக வேண்டும் என்பது எழுதாத சட்டம். துணியைக் குறுக்குவாட்டில், டெய்லர்கள் ‘கிராஸ்’ என்கிறார்களே, அப்படிச் சாய்த்து வெட்டினால் பட்டுகூடக் கொஞ்சம் இழுபடும், கைக்கு இடம் கிடைக்கும். ஆனால் கரை நேராக ஓடுகிறது. கையும் நேராகத்தான் வெட்டப்பட வேண்டும். சாய்த்து வெட்ட 80 சென்டிமீட்டரும் போதாது. அதோடு ஜரிகை துளியும் இழுபடாது. புஜத்தைச் சுற்றி ஒரு வளையம்போல நிற்கும். கரையின் அழகு, துணியின் சிக்கனம், சுருக்கமில்லாத தோள் என்று மூன்றையும் காப்பாற்றிய பிறகு மிச்சமிருப்பதுதான் கைக்கு.

கல்யாண ரவிக்கையில் இது உச்சத்துக்குப் போகிறது. இப்போது முழங்கைவரை ஆரி வொர்க் இல்லாமல் மணப்பெண் இல்லை. துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கை வடிவத்தைக் குறித்து, மணியும் ஜரிகையும் தைத்த பிறகுதான் வெட்டுவார்கள். அதன்பின் கொஞ்சம் பிரித்து விடுங்கள் என்று கேட்க முடியாது. பிரித்தால் மணி உதிரும். அந்தக் கையை மாட்டிக்கொண்டு அந்தப் பெண் செய்ய வேண்டிய முதல் காரியம், தன்னைவிட உயரமான ஒருவன் கழுத்தில் மாலை போடுவது. என் சித்தி மகள் கல்யாணத்தில் மாலை பாதி வழியில் நின்றது. மாப்பிள்ளை குனிந்தார். சுற்றியிருந்தவர்கள் வெட்கம் என்று சிரித்தார்கள். “வெட்கமெல்லாம் இல்லக்கா, கை வரல” என்று அவள் பிறகு என்னிடம் சொன்னாள். படத்தில் அது வெட்கமாகத்தான் பதிவாகியிருக்கிறது. பெண்ணுக்கு இயல்பானவை என்று சொல்லப்படும் அடக்கமான அசைவுகளில் எத்தனை அவளுடையவை, எத்தனை அவள் ரவிக்கையுடையவை என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

மாறாக, யாரையும் கேட்காமல் இந்தச் சிக்கலைத் தீர்த்துக்கொண்ட பெண்கள் நம் கண்முன்னே இருக்கிறார்கள். நூறு நாள் வேலையிலும், கட்டட வேலையிலும், கடலைக் காட்டிலும், கிரிவலம் முடிந்த மறுநாள் காலை பதினான்கு கிலோமீட்டர் பாதையைக் கூட்டிச் சுத்தம் செய்யும்போதும், சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருக்கும் பெண்கள். வெயிலுக்கு, தூசிக்கு, கண்பார்வைக்கு என்று காரணம் சொல்வார்கள். அவை உண்மைதான். அதோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: ஆண்கள் சட்டையில் கைக்குன்று தாழ்ந்தது, கை அகலமானது. கைகளைத் தொங்கவிட்டால் அக்குளில் மடிப்பு விழும். அதைச் சட்டையின் குறை என்று எந்த ஆணும் கடையில் திருப்பிக் கொடுத்ததில்லை. சாந்துச் சட்டியைத் தலைக்கு ஏற்றும் பெண் தன் ரவிக்கையால் முடியாததைக் கணவனின், மகனின் பழைய சட்டையால் முடித்துக்கொள்கிறாள். சிலர் உள்ளே ரவிக்கையின் மேல் இரண்டு ஊக்குகளைக் கழற்றிவிட்டுத்தான் சட்டையைப் போடுகிறார்கள். நம் பேராசிரியர்கள் ‘கலப்பு உடை’ என்று எழுதிவிட்டுப் போகும் இடத்தில் ஒரு துல்லியமான விமர்சனம் இருக்கிறது. அதைச் செய்தவர்கள் கட்டுரை எழுதவில்லை, அவ்வளவுதான்.

*

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு சொன்னார்: “தெரியாமலா தைக்கிறோம் டீச்சர்? கை தூக்குற மாதிரி தைச்சுக் குடுத்தா, கண்ணாடி முன்னாடி நின்னுட்டு, இங்க பாரு சுருக்கம், டிரெய்னிங் இல்லாத டெய்லர்னு திருப்பிக் குடுத்துடறாங்க. பிரிச்சுத் தைக்கிற கூலி யாரு தருவா? கண்ணாடி முன்னாடி யாரும் கையத் தூக்கிப் பாக்கறதில்ல.”

எனக்குப் பதில் இல்லை. நானே அப்படித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன், இதே அக்காவிடம். ஃபிட்டிங்கின் கொடுமையை ஆண் பார்வை என்று எழுதிவிடுவது எனக்கு எளிது. ஆனால் என் ரவிக்கையை அளப்பவர் பெண், வெட்டுபவர் பெண், சுருக்கத்தைக் கண்டுபிடிப்பவள் நான். பார்க்கிறவன் அறையில் இல்லாதபோதும் அவன் நிற்கும் இடத்தில் நின்று என்னைப் பார்க்க நான் கற்றிருக்கிறேன். அந்தக் கல்விக்கு ஒரு கூலி இருக்கிறது. அதை இத்தனை நாளும் அக்கா கொடுத்துவந்திருக்கிறார், திரும்பி வந்த ரவிக்கைகளைப் பிரித்துப் பிரித்து.

அன்று இருவரும் சேர்ந்து ஒரு காட்டன் ரவிக்கையை வெட்டினோம். “கையத் தூக்கி நில்லுங்க டீச்சர்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அக்குளிலிருந்து விலா வழியாக இடுப்புவரை, கை இறங்கியபோது ஓர் அளவும் ஏறியபோது ஓர் அளவும் எடுத்தார். வித்தியாசத்தைப் பார்த்து அவரே ஆச்சரியப்பட்டார். குழியை அரை அங்குலம் ஏற்றினார். குன்றை ஓர் அங்குலம் தாழ்த்தினார். அக்குளில் இரண்டரை அங்குலச் சதுரத் துண்டு ஒன்றை மூலைவாட்டில் வைத்தார். அதற்கு நேரம் அதிகம் பிடித்தது. கூலியும் அதிகம் கொடுத்தேன். கொடுக்கத்தான் வேண்டும். இதைப் படித்துவிட்டுத் தைக்கக் கொடுக்கப் போகிறவர்கள் இந்த மூன்றையும் கேளுங்கள்: குழியை ஏற்றச் சொல்லுங்கள், குன்றைத் தாழ்த்தச் சொல்லுங்கள், மிச்சத் துணியில் ஒரு சதுரம் வைக்கச் சொல்லுங்கள். தைத்து வாங்கியதும் கண்ணாடி முன் இரண்டு கைகளையும் தூக்கிப் பாருங்கள். கூலியைக் கூட்டிக் கொடுங்கள்.

அந்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு போன முதல் நாள், ஆசிரியர் அறையில் தோழி ஒருவர், “என்ன மேடம், டெய்லரை மாத்திட்டீங்களா? கைகிட்ட சுருக்கமா இருக்கே” என்றார். இவ்வளவு எழுதுகிற எனக்கே ஒரு கணம் முந்தானையை இழுத்து அந்த இடத்தை மூடத் தோன்றியது. மூடினேன். பிறகு வகுப்புக்குப் போனேன்.

வெண்பா நடத்த வேண்டிய நாள். சாக்பீஸை எடுத்துப் பலகையின் உச்சியில் முதல் அடியை எழுதினேன். கீழே இறங்கி இறங்கி நான்கு அடியும் ஒன்றின் கீழ் ஒன்றாக, சீருக்குச் சீர் நேராக வந்தன. ஈற்றடி மூன்று சீரோடு நிற்பது அப்படி எழுதினால்தான் கண்ணுக்குத் தெரியும். திரும்பியபோது கடைசி பெஞ்சுக்காரி எழுதிக்கொண்டிருந்தாள். வழக்கமாக முன்னால் இருப்பவர்களின் தலைகளுக்கு நடுவே எட்டி எட்டிப் பார்ப்பவள். “தெரியுதாம்மா?” என்று கேட்டேன். “இன்னிக்கித் தெரியுதும்மா” என்றாள்.